வெள்ளாவி பட்டன்

வாஷிங் மெஷினுக்கு யாரும் விமர்சனம் எழுதுவதில்லை. சினிமாவுக்கு எழுதுகிறார்கள், நாவலுக்கு எழுதுகிறார்கள், ஓட்டல் சாம்பாருக்குக்கூட எழுதுகிறார்கள். ஆயிரக்கணக்கில் கொட்டிக்கொடுத்து வாங்கி, பத்து வருஷம் வீட்டு மூலையில் நிறுத்தி வைக்கிற ஒரு சாமானை மட்டும் "துணி நல்லா வெளுக்குதா?" என்ற ஒற்றைக் கேள்வியோடு விட்டுவிடுகிறோம். இந்த வாரம் அந்தக் குறையைக் கொஞ்சம் தீர்க்கலாம் என்று எண்ணம். முழு மெஷினையும் அல்ல. அதன் நெற்றியில் இருக்கிற ஒரே ஒரு திருகை மட்டும்.

உங்கள் வீட்டில் முன்பக்கம் வட்டக் கண்ணாடிக் கதவு வைத்த மெஷின் இருந்தால் ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். கோல்ட், 30, 40, 60 என்று போய், பலவற்றில் 90 அல்லது 95-ல் முடியும். தண்ணீரின் சூடு. இதில் எத்தனை எண்ணை இதுவரை திருகியிருக்கிறீர்கள்? முதல் நாள் கம்பெனி ஆள் வந்து காட்டிக்கொடுத்த இடத்தில்தான் முள் இன்றைக்கும் நிற்கிறது, இல்லையா? 95-ல் துணி துவைப்பவர் யார், எந்த ஊரில் இருக்கிறார், அவர் வீட்டில் அப்படி என்ன அழுக்கு?

கேள்வி வேடிக்கையாகத் தோன்றும். ஆனால், துணிக்குச் சூடு வேண்டுமா, வேண்டாமா என்பது நம்மூரில் ஒரு பெரிய சங்கதி. அதைத் தாமிரபரணிக் கரையில் இருக்கிற ஏரலை வைத்துப் பேசுவது சுலபம்.

ஏரல் தெரியாதவர்களுக்கு: தூத்துக்குடி மாவட்டம். தாமிரபரணி எட்டு அணைக்கட்டுகளைத் தாண்டி வருகிறது. எட்டாவது, கடைசி, ஸ்ரீவைகுண்டம். அதற்குக் கீழே, ஆறு புன்னைக்காயலில் கடலைப் பார்ப்பதற்கு முன்னால் வருகிற ஊர். ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் சேர்மன் அருணாசல சுவாமி கோயிலில் கூட்டம் நெரியும். பாண்டியர்களின் பழைய துறைமுகமான கொற்கை கூப்பிடு தூரம். சுற்றிலும் வாழை. சுற்றுப்பட்டு ஊர்க்காரர்கள் சாமான் வாங்க வந்து போகிற பஜார்.

இந்த மாதிரி ஆற்றங்கரை ஊர்களில் துணி வெளுப்பது எப்படி நடந்தது? ரொம்பப் பழைய சாட்சி புறநானூற்றில் இருக்கிறது. களர் நிலத்தில் கிணறு தோண்டி, அந்தத் தண்ணீரில் ஒரு பெண் தினமும் துவைத்துக் கொடுத்த வெள்ளைத் துணியைப் பற்றி 311-ஆம் பாட்டு பேசுகிறது. நல்ல தண்ணீர் கிடைக்காமலா களர் மண்ணைத் தோண்டினாள்? இல்லை. களர், உவர் மண்ணில் காரம் இருக்கிறது. காரம் எண்ணெய்ப் பசையைப் பிடித்து இழுத்து, கிட்டத்தட்ட சோப்பாக மாற்றிவிடும். கெமிஸ்ட்ரி புத்தகம் வருவதற்கு இரண்டாயிரம் வருஷம் முன்னால் அந்தப் பெண்ணுக்கு அது தெரிந்திருந்தது. நற்றிணை 90-ல் இன்னொருத்தி வருகிறாள். ஊரில் திருவிழா. எல்லோருக்கும் வெளுத்த துணி வேண்டும். கை ஓயாமல் ராத்திரியெல்லாம் துவைத்துக் கஞ்சி போடுகிறாள். புலவர் அவளுக்குப் பெயர் கொடுக்கவில்லை. புலைத்தி என்பதோடு சரி.

காரத்துக்கு அடுத்தது சூடு. வெள்ளாவி என்ற சொல்லை உபயோகிக்கிறோம், பார்த்தவர்கள் குறைந்துவிட்டார்கள். உவர் மண்ணோ சலவைச் சோடாவோ கரைத்த தண்ணீரில் துணியை முக்கி, கல்லில் ஒரு தடவை கும்முவார்கள். அடுப்பின் மேல் பதித்த பெரிய தாழியில் தண்ணீர். அதன் வாயைச் சுற்றி ஈரத்துணியைச் சுருட்டிச் சுருட்டி ஆள் உயரத்துக்கு அடுக்கி மூடிவிட வேண்டும். சாயங்காலம் அடுப்பைப் பற்ற வைத்தால் ராத்திரி முழுக்க ஆவி துணி மடிப்புகளுக்குள் ஏறிக்கொண்டே இருக்கும். நூறு டிகிரி ஆவி. அழுக்கு இளகும், பேன் சாகும், கிருமி சாகும். விடியற்காலையில் ஆற்றுக்குக் கொண்டுபோய் மறுபடி அடித்து, அலசி, மணலில் விரித்தால் பாக்கியை வெயில் பார்த்துக்கொள்ளும். அப்புறம் நீலம், கஞ்சி, பெட்டி. இத்தனை வீட்டுத் துணி ஒரே தாழியில் வேகிறதே, கலந்துவிடாதா? சேங்கொட்டைச் சாற்றில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு குறி போட்டிருப்பார்கள். காரத்துக்கும் ஆவிக்கும் அசையாத மை. துணி கிழியும், குறி போகாது.

அடுப்பு, விறகு, ராத்திரி முழிப்பு, நூறு டிகிரி, கறை, தீட்டுத் துணி, பிரசவத் துணி எல்லாம் ஒரு சாதியின் தலையில். கூலி? அறுப்புக்கு இத்தனை மரக்கால் நெல், தினம் வீடு வீடாக ராச்சோறு. வெள்ளாவியைப் பற்றி எழுதுகிறவர்கள் "ஆகா, அந்தக் கால வெண்மை!" என்று உருகுவதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். நான் நிறுத்துவதாக இல்லை. 1932 டிசம்பரில் 'தி ஹிந்து' பத்திரிகையில் திருநெல்வேலி மாவட்டத்தைப் பற்றி ஒரு செய்தி வந்தது. (அப்போது ஏரலும் அதே மாவட்டம்தான்.) தீண்டப்படாதவர்கள் என்று ஒதுக்கப்பட்ட மக்களுக்குத் துணி வெளுக்கும் புதிரை வண்ணார்களைப் பற்றியது அது. கண்ணில் பட்டாலே தீட்டு என்று அவர்களைப் பகலில் வெளியே வரவிடவில்லை. நடுராத்திரிக்கும் விடியலுக்கும் நடுவில்தான் அவர்கள் வேலை. பேட்டி காணப் போனவர்கள், அவர்களை வீட்டைவிட்டு வெளியே வரவைக்கவே படாத பாடு பட்டிருக்கிறார்கள்.

ஊரார் உடம்பிலிருந்து கழற்றிப் போட்டதை வெளுத்துத் தருகிறவனை ஊரார் பார்க்கக் கூடாது. இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' (1994) படித்தவர்களுக்கு ஆரோக்கியம் என்ற பெண்ணின் மூலம் இந்த உலகம் கொஞ்சம் தெரிந்திருக்கும். புதிரை வண்ணாருக்குத் தமிழ்நாடு அரசு நலவாரியம் அமைத்தது 2009-ல். மேலே சொன்ன செய்தி வந்து 77 வருஷம் கழித்து.

இனி திருகுக்கு வருவோம்.

வெள்ளாவி எப்படி அணைந்தது? யாரும் போராட்டம் நடத்தி அணைக்கவில்லை. படித்த பிள்ளைகள் அந்த வேலைக்கு வர மறுத்தார்கள், ரொம்ப நியாயம். இன்னொரு பக்கம் சோப்பு வந்தது. பார் சோப்பு, 1959-ல் சர்ஃப், 1969-ல் நிர்மா. பக்கெட், பவுடர், ஊற வை, கும்மு, அலசு. மூன்றாவது ஆள் துணியேதான். நைலானும் டெரிலினும் டெரிகாட்டனும் வந்தபோது வெள்ளாவியில் வைத்தால் சுருங்கிக் கோணிக்கொண்டன. பருத்தி வேட்டிக்கு நூறு டிகிரி தாங்கும், டெரிலின் சட்டைக்குத் தாங்காது. ஒரு தலைமுறைக்குள் நம் துணி கொதிநிலையிலிருந்து குளிர்ந்த தண்ணீருக்கு வந்துவிட்டது. வீட்டுப் பெண்களின் தோளுக்கும் வந்துவிட்டது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும். சூடு போனது, வேலை போகவில்லை. கை மாறியது.

அந்தத் தோளை இறக்கி வைக்க வந்ததுதான் ரெட்டைத் தொட்டி மெஷின். எண்பதுகளின் பின்பாதியில் டி.வி.எஸ்.-வேர்ல்பூல் கூட்டுக் கம்பெனி, புதுச்சேரியில் ஆலை. டி.வி.யில் வீடியோகான் பாட்டு. வளைகுடாவிலிருந்து லீவுக்கு வந்தவர்களின் அட்டைப்பெட்டிகள். இடதுபக்கத் தொட்டியில் அடியில் ஒரு சுழல்தட்டு, வலதுபக்கம் பிழிகிற தொட்டி. சாவி கொடுத்த கடிகாரம் மாதிரி 'டிக் டிக்' என்று திரும்பி வரும் டைமர். பிழியும்போது துணி ஒரு பக்கமாக ஒதுங்கிவிட்டால் மெஷினே வீட்டுக்குள் நாலடி நடந்து வரும். துணி மேல் அமுக்கி வைக்க ஒரு வட்டப் பிளாஸ்டிக் தட்டு உண்டு, அது எப்போதும் காணாமல் போகும்.

விமர்சகனாக என் கட்சி இதுதான்: நம்மூர்த் தண்ணீரையும் நம்மூர் வழக்கத்தையும் புரிந்துகொண்ட மெஷின் இதுவரை இது ஒன்றே. பார்க்க லட்சணம் கிடையாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் குடத்தில் ஊற்றினாலும் வேலை செய்யும். குழாயில் இரண்டு நாளைக்கு ஒருமுறை தண்ணீர் வரும் தெருவில் இது எவ்வளவு பெரிய விஷயம் என்பது ஃபிளாட்வாசிகளுக்குப் புரியாது. ஒரே சோப்புத் தண்ணீரில் முதலில் வெள்ளை, பிறகு சாயத்துணி, பிறகு கைலி, கடைசியில் மிதியடி என்று நாலு ஈடு போடலாம். நம் வீட்டுப் பெண்கள் கண்டுபிடித்த வரிசை அது. சூடு? திருகே கிடையாது. வேண்டுமென்றால் அடுப்பில் ஒரு சருவம் தண்ணீர் காயவைத்து நீங்களே ஊற்றிக்கொள்ளலாம். ஊற்றுவது யார், எதற்கு, எவ்வளவு என்பதெல்லாம் கண்ணுக்குத் தெரியும்.

அடுத்து வந்ததுதான் முன்கதவு மெஷின். தொண்ணூறுகளின் தொடக்கத்தில், ஜெர்மன் தொழில்நுட்பத்தோடு. கூடவே ஜெர்மனியின் சமையலறைப் பழக்கமும் அந்தத் திருகில் ஏறி வந்துவிட்டது. ஐரோப்பாவில் பெண்கள் தலைமுறை தலைமுறையாகத் துணியை வேகவைத்துத்தான் துவைத்தார்கள். இங்கிலாந்தில் அந்தக் கொப்பரைக்கே 'காப்பர்' என்று பெயர். (நம் ஆற்றின் பெயரிலும் தாமிரம். பொருத்தம் பாருங்கள்.) 1907-ல் டஸல்டார்ஃபில் ஹென்கல் கம்பெனி பெர்சில் என்ற பவுடரைக் கொண்டுவந்தபோது அதில் இருந்த வெளுப்புச் சரக்கு கொதிக்கிற தண்ணீரில்தான் முழுசாக வேலை செய்யும். ஆகவே 95 டிகிரி. அந்த எண்ணின் பூர்வீகம் இவ்வளவுதான்.

ஆனால் கதை அங்கே நிற்கவில்லை. செயற்கை நூல் வந்ததும் 60 ஆயிற்று. 1960-களில் அழுக்கைக் கடித்துத் தின்னும் நொதிகளைப் பவுடரில் சேர்த்தார்கள். இவை நம் வயிற்றில் சோற்றைச் செரிக்கிற சமாசாரத்தின் சொந்தக்காரர்கள். சுகமான சூட்டில் வேலை செய்யும், கொதித்தால் செத்துப்போகும். 1988-ல் எண்ணெய்க் கறையைத் தின்னும் நொதியும் சேர்ந்தது. கரண்ட் பில்லும் சேர்ந்து அமுக்கவே 60 போய் 40, 40 போய் 30. 2006-ல் பிரிட்டனில் "30-க்குத் திருப்புங்கள்" என்று பவுடர் கம்பெனியே விளம்பரம் செய்தது. 2013 டிசம்பர் முதல், விற்கிற மெஷினில் 20 டிகிரி சலவையும் இருந்தே ஆகவேண்டும் என்று ஐரோப்பிய யூனியன் விதி போட்டுவிட்டது. கொப்பரையில் வேகவைத்தவர்களின் பேத்திகள் பச்சைத் தண்ணீருக்கு வந்துவிட்டார்கள்.

இங்கேதான் ஒரு சின்னக் கணக்கு. பயப்பட வேண்டாம், ஏழாங்கிளாஸ் கணக்குதான். ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி ஏற்ற 4.2 கிலோஜூல் வேண்டும். ஒரு யூனிட் கரண்ட் என்பது 3,600 கிலோஜூல். துவைப்புக்கு 15 லிட்டர் என்று வையுங்கள். குளிர்காலத்தில் அங்கே குழாய்த் தண்ணீர் 10 டிகிரி. அதை 30-க்கு ஏற்ற 0.35 யூனிட். ஏரலில்? குழாயைத் திறந்தாலே 28. அதை 30-க்கு ஏற்ற 0.035 யூனிட். பத்தில் ஒரு பங்கு. மே மாத மத்தியானத்தில் மொட்டைமாடி சின்டெக்ஸ் தொட்டித் தண்ணீரில் கைவைத்துப் பார்த்தவர்களுக்கு அதுவும் தேவையில்லை. அது தானாகவே 40-ஐத் தொட்டுக்கொண்டிருக்கும். ஐரோப்பா நூறு வருஷம் படிப்படியாக இறங்கிவந்து சேர்ந்த சூடு நமக்குக் குழாயிலேயே வருகிறது. நம் 'கோல்டு'தான் அவர்கள் '30'. அந்தத் திருகில் முதல் இரண்டு எண்ணும் நமக்கு ஒன்றே.

அதே 28-ஐ 60-க்குக் கொண்டுபோக 0.56 யூனிட். 95 என்றால் 1.17 யூனிட். வாரம் நாலு தடவை போடுகிற வீட்டில் இது வருஷத்தில் எங்கே போய் நிற்கும் என்று நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள்.

சரி, யார் இப்போது 60-ல் போடச் சொல்கிறார்கள்? டி.வி.யைப் போடுங்கள். உலகம் சூட்டைக் குறைத்துக்கொண்டிருக்கிற அதே நேரத்தில் நமக்குச் சூடு விற்கிறார்கள். 'உள்ளே ஹீட்டர்' என்றால் சில ஆயிரம் கூட. 'ஸ்டீம்' என்று ஒரு பட்டன் இருந்தால் இன்னும் சில ஆயிரம். கிருமி என்று ஒரு கார்ட்டூன் பூதம் ஓடும், ஆவி வந்து அதை விழுங்கும், குழந்தை சிரிக்கும். ஸ்டீம் என்பது என்ன? தண்ணீரைக் காய்ச்சி, ஆவியைத் துணிக்குள் ஏற்றுவது. அதற்கு நம் பாஷையில் ஏற்கெனவே ஒரு பெயர் இருக்கிறது. அந்தப் பெயரைக் கம்பெனி போடாது. போட்டால் நாம் வாங்க மாட்டோம். அடுப்பு ஊதியவனை இருட்டில் நிறுத்திவைத்த அதே வேலை, ஒரு நீல விளக்கு போட்ட பட்டனாக வரவேற்பறைக்குள் வந்தால் கௌரவம். எனக்கு ஆட்சேபம் ஆவியின் பேரில் அல்ல. அதை நேற்று கொரியாவில் கண்டுபிடித்த மாதிரி நம்மிடமே விற்பதன் பேரில்.

சூடு அடியோடு வேண்டாம் என்று சொல்லவில்லை. காய்ச்சல்காரர் படுத்த விரிப்பு, வாந்தி பேதி கண்டவர் துணி, சொறி சிரங்கு இருக்கிற வீட்டுத் துண்டு, தூசிப் பூச்சியால் இழுப்பு வருகிற பிள்ளையின் தலையணை உறை, இதற்கெல்லாம் 60 நல்லது, போடுங்கள். தினசரிச் சட்டை, சேலை, யூனிஃபார்முக்கு வேண்டாம். ரத்தக்கறை, பால், முட்டைக்குச் சுடுதண்ணீர் ஊற்றவே கூடாது. கறை வெந்து நூலோடு ஒட்டிக்கொள்ளும். இதை எந்த மேனுவலும் நம் ஆச்சிகளுக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. நொதி போட்ட பவுடரை வாங்கி 95-ல் போடுவது, காசு கொடுத்து ஆளைக் கூட்டிவந்து வாசலிலேயே கொல்வது மாதிரி.

ஏரல் பக்கத்துக்கு இன்னொரு சங்கடம் உண்டு. ஆற்றுத் தண்ணீர் மெல்லியது, சோப்பு நுரைத்துத் தள்ளும். கடலை நெருங்க நெருங்கப் போர்த் தண்ணீர் உப்பு. கடின நீரைக் காய்ச்சினால் சுண்ணாம்பு படியும். கெட்டிலின் அடியில் பார்த்திருப்பீர்களே, அதே வெள்ளைப் பொருக்கு ஹீட்டர் கம்பியைச் சுற்றிக்கொள்ளும். சூடு தண்ணீருக்குப் போகாமல் கம்பியிலேயே தங்கி, கரண்டைத் தின்று, கடைசியில் கம்பி புட்டுக்கொள்ளும்.

2023 டிசம்பர் 17, 18 ஞாபகம் இருக்கும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. தாமிரபரணி ஏரலுக்குள் புகுந்தது, பாலம் உடைந்து ஊர் துண்டானது, கடைகளும் வீடுகளும் முங்கின. தண்ணீர் வடிந்தபின் வீட்டுச் சாமானெல்லாம் தெருவில் சேறு வழிய நின்றது. அதில் வாஷிங் மெஷின்களும் உண்டு. துவைக்கிற சாமானைத் துவைக்க வேண்டிய நாள். அதற்கப்புறம் அந்தப் பக்கம் போனபோது ஒரு ரிப்பேர் கடைக்காரரிடம் எது பிழைத்தது என்று கேட்டேன்.

"அண்ணாச்சி, ரெட்டைத் தொட்டிக்குள்ள என்ன இருக்கு? ரெண்டு மோட்டாரு, ஒரு பெல்ட்டு, ரெண்டு டைமரு. மோட்டாரைக் கழத்தி நல்லாக் காய வச்சு, கண்டன்சரை மாத்தி ஓட்டிப் பாத்துர வேண்டியதுதான். ஓடலைன்னா காயில் கட்டிருவோம். புதுசுல போர்டுக்குள்ள சேறு போயிட்டுன்னா போர்டையே மாத்தணும். வெலையைச் சொன்னா ஆளு திரும்பிப் பாக்காமப் போயிருதாங்க."

"ஹீட்டர் வச்ச மெஷின் எப்படி?"

"ஹீட்டரா? அத ஆரு போடுதா? வாங்கும்போது ஹீட்டர் இருக்கான்னு கேப்பாங்க, அதோட சரி. கம்பியைக் கழத்திப் பாத்தா சுண்ணாம்புகூட ஏறியிருக்காது, புதுசு மாதிரி இருக்கும்."

நான் பல பத்திகளில் சுற்றிவந்ததை அவர் ஒரே மூச்சில் சொல்லிவிட்டார். ஆக, ஏரலில் 95-ஐ யாரும் தொடவில்லை. பட்டனுக்குக் காசு கொடுத்திருக்கிறார்கள், அவ்வளவே.

அசல் சூடு இன்னும் யார் கையில் இருக்கிறது தெரியுமா? தெருமுனையில் தள்ளுவண்டி போட்டு நிற்கிறாரே, அவர் கையில். வெள்ளாவி போய்விட்டது, கரிப்பெட்டி போகவில்லை. பெட்டிக்குள் கங்கு, வெளியே சித்திரை வெயில். பிற்படுத்தப்பட்டோர் நலத்துறை முன்பு இலவச இஸ்திரிப் பெட்டி கொடுத்தது, சமீப வருஷங்களில் கேஸில் ஓடும் பெட்டியும் கொடுக்கிறார்கள். கரிப்புகையாவது குறையும். சட்டைக்கு ஒரு ரூபாய் கூட்டிக் கேட்டால் நாம் "போன மாசம்தானே ஏத்தினீங்க?" என்கிறோம். ஸ்டீம் பட்டனுக்குக் கூட எத்தனை ஆயிரம் என்று கடையில் கேட்டுக்கொண்டு வந்து, இதைக் கொஞ்சம் பெருக்கிப் பாருங்கள்.